கிளேட்டன் அனுப்பிய கார்டு

ராட்னி பெல்கோனென் ஒயரை மாற்றிச் சொருகி, அண்ணன் அனுப்பிய கணினிக் கார்டைக் கருக்கிவிட்டான் என்று மளிகைக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஒயர் சரியாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். மாவட்டச் சாலைத் துறைக்காகக் குளிர்காலம் தவறாமல் பனியை அளந்து எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், தவறான செய்தி ஒன்று ஊரில் நிலைத்துவிடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ராட்னி மரலாரி ஓட்டியவன். அவனும் அவன் அண்ணன் கிளேட்டனும் ஆளுக்கொரு லாரி வைத்திருந்தார்கள். வடகோடியில் உள்ள காப்பர் ஹார்பர் பக்கத்துக் காடுகளில் வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு தெற்கே காகித ஆலைக்குப் போவார்கள். முன்னால் எப்போதும் கிளேட்டன், பின்னால் எப்போதும் ராட்னி. ஏரிப் பக்கமிருந்து பனி வீசும் நாளில் எங்கள் சாலையில் எதுவும் தெரியாது. முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கு இரண்டு மட்டும் தெரியும்.

"இத்தன வருஷத்துல நான் ரோட்டப் பாத்து ஓட்டினதே கெடையாது. அவன் பின்பக்கத்தப் பாத்துத்தான் ஓட்டியிருக்கேன்" என்பான் ராட்னி. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

அவன் கவனக்குறைவான ஆள் என்று சொல்லவே முடியாது. மான்வேட்டைக்குப் போய்த் திரும்பினால் துப்பாக்கியை வீட்டுக்குள் எடுத்து வர மாட்டான். அடைத்த முன்தாழ்வாரத்திலேயே சாத்தி வைப்பான். குளிரில் கிடந்த இரும்பு சூடான வீட்டுக்குள் வந்தால் வியர்க்கும், உள்ளே ஈரம் இறங்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ராட்னி அளவுக்கு யாரும் கண்டிப்பாக இருந்ததில்லை. ஒருமுறை எங்கள் சர்ச் போதகர் வேட்டை முடிந்து காபிக்கு வந்தவர், துப்பாக்கியோடு சமையலறை வரை வந்துவிட்டார். "போதகரே, மோட்சத்துக்குப் போற வழி உங்களுக்குத் தெரியலாம். துப்பாக்கிக்கு வழி அதோ, வெளிய" என்று திருப்பி அனுப்பினான்.

ஆலை மூடியதும் கிளேட்டன் மனைவி டெனிஸோடு அரிசோனாவுக்குக் குடிபோனான். அங்கே போய் மூன்றாம் வருஷம் அவனுக்குத் தசைகளை ஒவ்வொன்றாக ஓயவைக்கும் நோய் வந்தது. முதலில் கால், பிறகு கை. நாக்கும் தடுமாற ஆரம்பித்தது. போன குளிர்காலத்தில் அவனுக்கு உருப்படியாக மிஞ்சியிருந்தது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அந்த விரலுக்கடியில் டெனிஸ் ஓர் உருண்டையைப் பொருத்திக் கொடுத்தாள். அதை உருட்டி அவன் கணினியில் லாரி ஓட்டினான். லாரி ஓட்டும் விளையாட்டு அது. ஞாயிறு மதியம் இவன் இங்கே, அவன் அங்கே, இரண்டு லாரியும் ஒரே சாலையில் போகும். எங்கேயோ நெவாடா, எங்கேயோ ஒரிகன் என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் சாலையையே அந்த விளையாட்டுக்காக வரைந்து வெளியிட்டான். மரம், வளைவு, பாலம், ஹர்யு மேடு என்று ஒன்று விடாமல். கிளேட்டன் அதைக் கேட்டு அழுதானாம். ராட்னியின் லேப்டாப்பால் அதைத் தாங்க முடியவில்லை. படம் நின்று நின்று நகரும். லாரி ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் எங்கே இருந்தது என்றே தெரியாது.

"இது லேப்டாப் இல்ல வெய்க்கோ, ரொட்டி சுடற பெட்டி" என்று என்னிடம் புலம்பினான்.

டெனிஸ் போனில் சொன்னாள்: "ராட்னி, அவன் விரல் வசந்தம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. அவனுக்கு அந்த ரோட்டுல ஒருதடவ ஓட்டணும். பின்னால நீ வரணும். வேற எதுவும் கேக்கல."

அப்போது கிளேட்டனுக்குக் கண்ணசைவைப் படிக்கும் புது இயந்திரம் வந்திருந்தது. அதற்காகக் கணினியையே மாற்றிவிட்டார்கள். கண்ணால் பேசலாம். ஓட்ட முடியாது, கண் எழுத்தைத் தேடுவதற்குள் லாரி பள்ளத்தில் கிடக்கும். புதுக் கணினியிலும் விளையாட்டு ஓடியது, ஓட்டுவதற்கு மட்டும் அதே கட்டைவிரல்தான். பழைய கணினியில் விளையாட்டுப் படத்தை ஓடவைத்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, கம்பளிக் காலுறைக்குள் வைத்துத் தம்பிக்கு அனுப்பச் சொன்னான்.

மேசைக் கணினிக்கான கார்டு அது, செங்கல்லை விடப் பெரியது. லேப்டாப்புக்குள் போகாது. ராட்னி இதையெல்லாம் முன்பே படித்து வைத்திருந்தான். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, நகத்தளவு இருக்கும் வைஃபை துண்டை எடுத்துவிட வேண்டும். அந்த ஸ்லாட்டில் ஒரு தட்டைக் கேபிளைச் சொருகி வெளியே கொண்டுவந்து, அதன் மறுமுனைப் பலகையில் கார்டை நிறுத்த வேண்டும். கார்டுக்கான மின்சாரம் தனிப் பெட்டியிலிருந்து வரும். முதலில் அந்தப் பெட்டியைப் போட வேண்டும், அப்புறம்தான் லேப்டாப்பை. பலகையும் பெட்டியும் ஒரு மாதமாக அவன் சமையலறை மேசையில் காத்திருந்தன. வைஃபை போய்விடுவதால் இணையத்துக்காகக் கூடத்திலிருந்து ஒரு நீளக் கேபிளும் இழுத்திருந்தான். நான் அதில் இரண்டு முறை தடுக்கினேன்.

பொட்டலம் ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. தபால்காரம்மா சாலையோரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன பிறகு, பனி ஒதுக்கும் வண்டி அந்தப் பெட்டியையே மூடிவிட்டது. ராட்னி ஞாயிறு மதியம்தான் தோண்டி எடுத்தான். அன்று காலை என் வெப்பமானியில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

கடிகாரம் பழுது பார்க்கும் திருப்புளியை எடுத்து வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். அவன் விரல் தடிமனுக்கு அந்தச் சின்னத் திருகாணி அகப்படாது. நான் போனபோது அடுப்பில் மான்கறி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீராவி. போனில் டெனிஸ் காத்திருந்தாள்.

"அவன் ஏற்கனவே ரோட்டுல நிக்கிறான். காப்பர் ஹார்பர் கிட்ட, எஞ்சின ஓடவிட்டுட்டு. சீக்கிரம்."

பின்னாலிருந்து கிளேட்டனின் குழறல் கேட்டது. டெனிஸ் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொன்னாள்: "அப்பவும் நீ லேட்டு, இப்பவும் நீ லேட்டாம்."

"இதோ வந்துட்டேன்னு சொல்லு."

காலுறையிலிருந்து கார்டை எடுத்துப் பலகையில் நிறுத்தினான். அதன் உலோக இதழ்களில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "அரிசோனா தூசி" என்று ஊதினான். நான் வைஃபை துண்டின் திருகாணியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஒயரையும் விரல் வைத்துச் சரிபார்த்தான். பெட்டியைப் போட்டான், பிறகு லேப்டாப்பைப் போட்டான். விசிறி சுற்றியது. லேப்டாப் கார்டை அடையாளம் கண்டுகொண்டது.

சாலை வந்தது. எங்கள் சாலையேதான். இரண்டு பக்கமும் மரம், நடுவில் பனி, முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கு இரண்டு. முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. இவனும் நகர்ந்தான். முதல் வளைவு வரை போனார்கள்.

பிறகு சட்டென்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிந்த மாதிரி. திரை கறுத்தது. மேசையில் கருகல் வாசனை வந்தது. கார்டுக்குக் கீழே பலகையில் தண்ணீர் நின்றது. இதழ்களில் இருந்தது தூசி இல்லை, உறைபனி.

ராட்னி ஒயரைப் பிடுங்கினான். கார்டைத் துடைத்தான், அடுப்புப் பக்கம் காட்டினான், திரும்பச் சொருகினான். விசிறிகூட அசையவில்லை. திரும்பக் கழற்றினான், திரும்பச் சொருகினான்.

போனில் டெனிஸ் கேட்டாள்: "எங்க போன? கண்ணாடில ஒன்னக் காணோம்ங்கறான்."

"கார்டு போச்சு."

பிறகு கண்ணால் எழுதும் அந்த இயந்திரம் பேசியது. கிளேட்டனின் குரலே இல்லை, ஏதோ வங்கியில் வரிசை எண் கூப்பிடும் குரல்.

"பொட்டி வெளிய கெடந்துதா?"

"ஆமா."

"உள்ள கொண்டு வந்ததும் மாட்டினியா?"

"ஆமா, கிளே."

"துப்பாக்கின்னா செய்வியாடா?"

ராட்னி நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். டெனிஸ் போனின் கேமராவைத் தன் பக்கத்துத் திரைக்குத் திருப்பினாள். கிளேட்டனின் லாரி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே பின்பார்வைக் கண்ணாடி, அதில் வெறும் சாலை. ஹர்யு மேட்டின் அடிவாரத்தில் லாரி ஓரம் கட்டியது. சுமை ஏற்றிய காலத்தில் ராட்னி எப்போதும் பின்தங்குகிற இடம் அது. கிளேட்டன் அங்கே நிறுத்தி, நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டுக் காத்திருப்பான். அன்றும் அப்படியே காத்திருந்தான்.

"போ கிளே. நான் வர முடியாது" என்றான் ராட்னி.

லாரி போகவில்லை. சூப் அடிப்பிடித்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

மார்க்கெட் நகரத்தில் ஒருவரிடம் பழைய கார்டு ஒன்று கிடைத்து, அது வீட்டுக்கு வரும்போது மார்ச் முதல் வாரம். ராட்னி அதைப் பெட்டியோடு முதலில் தாழ்வாரத்திலும், பிறகு குளிரான பின்னறையிலும் வைத்தான். மூன்றாம் நாள்தான் சமையலறைக்குக் கொண்டுவந்தான். மாட்டியதும் வேலை செய்தது, இன்றும் செய்கிறது. அதற்குள் கிளேட்டனின் விரல் நின்றுவிட்டது.

ஆனாலும் அந்த ஞாயிறு டெனிஸ் விளையாட்டைத் திறந்து வைத்தாள். ராட்னி கிளம்பினான். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னான். படம் தண்ணீராக ஓடியது, மரம் மரமாகவே வந்தது. முன்னால் விளக்கு இல்லாததால் வளைவுகளில் தடுமாறினான். ஒருமுறை பள்ளத்தில் இறங்கி ஏறினான். ஹர்யு மேட்டின் அடியில் கிளேட்டனின் லாரி நின்றது. ஜனவரியில் விட்ட இடத்திலேயே, விளக்கு நான்கும் சிமிட்டிக்கொண்டு.

ராட்னி அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

அந்த வங்கிக் குரல் வர நேரமாயிற்று. "முந்திப் போடா."

"எனக்கு வழி தெரியாது."

"நேராப் போனா வழிதான். போடா மடையா."

"நீ மொதல்ல போ" என்றான் ராட்னி.

ராட்னி எஞ்சினை அணைக்கவில்லை. திரையில் பனி விழ ஆரம்பித்தது. முன்னால் அந்தச் சிவப்பு விளக்குகள் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தன. இருட்டும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.