சுருட்டை காயும்வரை

அழகு நிலையம் நடத்துகிறவளுக்குத் தலைமயிரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட, பதினெட்டு வருடமாக நானும் அந்த நம்பிக்கைக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொண்டேன். சுருட்டையோடு வருகிறவர்களை மருந்து பூசி, சூடு வைத்து, நேராக்கி அனுப்புவதில் எனக்குக் கைராசி என்று பேர். என்னுடையதும் பிறவிச் சுருட்டைதான். காலையில் அதை அயன் பண்ணி மறைத்துவிட்டுத்தான் கடை திறப்பேன்.

சீப்பின் பல்லை முறித்து, 'சூப்பின பனங்கொட்டை' என்று பட்டம் வாங்கி வளர்ந்த சகோதரிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த வருடம் எனக்கு நடந்தவற்றைச் சொல்கிறேன். எனக்கு விளங்காதது உங்களில் யாருக்காவது விளங்கினால் புண்ணியம்.

வாய் அடைத்த நாள்

பொங்கல் முடிந்த கையோடு தர்சினி வந்தாள். எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் பிறந்த பிள்ளை. வல்வெட்டித்துறையில் கலியாணம் முடித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுடைய கலியாணத்துக்குத் தலையை நேராக்கியவள் நான். பிறகும் இரண்டு தடவை நேராக்கினேன். அன்றைக்குக் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டாள். நுனியெல்லாம் வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரி இருந்தது. சீப்பை வைத்தேன், ஒரு பிடி கையோடு வந்துவிட்டது. வேரிலிருந்து ஒரு சாண் அளவுக்குப் புதிதாகச் சுருண்டு வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் நான் எரித்தது.

"எரிஞ்சதை வெட்டுங்கோ அக்கா. ஆவணியிலை தம்பிக்குக் கலியாணம், நான்தான் தோழி. என்ரை சொந்த மயிரோடை நிக்கவேணும்" என்றாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. தாலி கட்டும்போது மணவறையில் விளக்கோடு நிற்பவள் அவள். சபையின் கண்ணும் கமராவும் அவள் தலையிலும் விழும். "அதுக்குள்ளை உன்ரை சுருளைத் திருப்பித் தாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வெட்டி முடிய மயிர் காதுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நிலத்தில் கிடந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நேராக்கேக்கை மூண்டு மணித்தியாலமும் வாய் ஓயாமல் கதைச்சனீங்கள். இண்டைக்கு ஏனக்கா ஒரு கதையையும் காணேல்லை?"

ஐந்து வாத்தியார்

சுருளை அழிக்கத்தான் நான் படித்திருந்தேன், வளர்க்கப் படிக்கவில்லை. கைபேசியில் தேடினேன். 'வொஷ் அன்ட் கோ' என்று ஒரு முறை அகப்பட்டது. தலைக்கு முழுகி, ஈரத்தோடேயே கிரீமைத் தடவி, சீப்பே தொடாமல் அப்படியே வெளிக்கிட்டுப் போய்விடுவது, அவ்வளவுதானாம். அந்த அவ்வளவுதானைச் சொல்லி முடிக்க ஒருத்திக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஐந்து பேரைப் பார்த்தேன். தினமும் நனை என்றாள் ஒருத்தி. கிழமைக்கு ஒருக்கால் போதும் என்றாள் அடுத்தவள். எண்ணெய் கூடவே கூடாது என்றாள் மூன்றாமவள். எண்ணெய் இல்லாமல் ஒன்றுமே நடக்காது என்றாள் நாலாமவள். ஐந்தாமவள் துவாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பருத்தி பெனியனால் ஈரத்தை ஒற்றச் சொன்னாள். எல்லாரும் ஒற்றுமையாகச் சொன்னது ஒன்றே ஒன்று: காயும்வரை கை வைக்காதே, காயும்வரை ஒன்றும் சொல்லவும் முடியாது.

முதலில் என் தலையிலேயே பார்த்தேன். அயனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். கிரீமோடு, எங்கள் வேலியில் நிற்கும் செவ்வரத்தையின், அதுதான் செம்பருத்தியின், இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பையும் பூசினேன். திங்கட்கிழமை வடிவாகச் சுருண்டது. அதே கை, அதே இலை, அதே கிரீம். செவ்வாய்க்கிழமை ஒரு பக்கம் சுருண்டு மறுபக்கம் விறைத்து நின்றது. புதன்கிழமை நடந்ததை எழுதமாட்டேன். பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவுக்குப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி நேரான மயிர். அவள் மூன்று நாளும் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, வாற சனம் உங்கடை தலையைப் பாத்துப்போட்டு வாசலோடை திரும்புது. கொஞ்ச நாளைக்கு நான் முன்னுக்கு நிக்கிறன், நீங்கள் பின்னுக்கு நிண்டு உங்கடை மனுசன்ரை பெனியனைத் தோய்ச்சுப் போடுங்கோ."

மூன்றாம் நாள் விசாரணை

ஐவரில் முதலாமவளை நம்பி, தர்சினியைத் தினமும் முழுகச் சொன்னேன். அந்தப் பிள்ளை விடிய எழும்பி முழுகி, ஈரத் தலையை விரித்துவிட்டபடி பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. எங்கள் பெண்கள் முழுகுவது செவ்வாயும் வெள்ளியும் என்பது எனக்குத் தெரியாததா? மற்ற நாளில் ஒருத்தி ஈரத் தலையோடு படலை தாண்டினால், செத்தவீட்டுக்குப் போய் வந்து முழுகியிருக்கிறாள் என்றுதான் பார்க்கிற சனம் நினைக்கும். கைபேசியில் வந்த பெண்களுக்கு அப்படியொரு அயல் இல்லை. எனக்கு இருந்தும் மூளை வேலை செய்யவில்லை.

மூன்றாம் நாள் முன்வீட்டு மனிசி தர்சினியைப் படலையில் மறித்து, கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "முதல் நாள் கேட்டால் உனக்கு மனம் நோகும் எண்டு விட்டனான் பிள்ளை. இண்டைக்கு மூண்டு நாளாச்சு. உங்கடை பக்கத்திலை இன்னும் எத்தினை பேர் இழுத்துக்கொண்டு கிடக்கினம்?"

ஒரே கிரீம், இரண்டு கிணறு

பிறகு ஒன்றைவிட்டு ஒரு நாள் என்று மாற்றினோம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தாய்வீட்டுக்கு வரும்போது கடையில் நானே முழுக வார்ப்பேன். காய்ந்ததும் சுருள் சுருளாகத் தொங்கும். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவாள். அடுத்த கிழமை வல்வெட்டித்துறையிலிருந்து படம் அனுப்புவாள். தலை முழுவதும் வைக்கோல். என்ன பிழை விட்டாய் என்று கேட்டால், நீங்கள் செய்த மாதிரியேதான் செய்தேன் என்பாள். யாருடைய கண்ணும் பட்ட நாவூறோ என்றுகூட யோசித்தேன். மூன்று மாதம் இப்படியே போயிற்று. கலியாணம் நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். கிணற்றடியில் அவளை இருத்தி, கடையில் போடுகிற அதே சம்பூவைத் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் ஊற்றினேன், அப்போதும் வரவில்லை. தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், சவர்த் தண்ணீர். கடற்கரை வீட்டுக் கிணறு வேறு எப்படி இருக்கும்! குடிக்கவும் சமைக்கவும் அவர்கள் வேறாகப் பிளாஸ்டிக் கான்களில்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். அதில் இரண்டு செம்பு கேட்டு வாங்கிக் கடைசியாக வார்த்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் என் கடையில் நிற்பதுபோல நின்றது. என் கடைக் கிணறும் ஒன்றும் அமிர்தமில்லை. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு விரல்கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. சுண்ணாம்பைப் பொறுக்கிற மயிர் உப்பை ஏன் பொறுக்காது என்று எனக்கு விளங்கவில்லை. தர்சினியின் மாமி அதுவரை குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "குடிக்கிற தண்ணியிலை தலை முழுகிற மருமோளை இப்பத்தான் காணுறன். அதுக்கென்ன, கறிவேப்பிலை மரத்துக்குக் கிட்ட இருந்து முழுகச் சொல்லுங்கோ."

மூன்றாம் தரம் கேட்காத கேள்வி

ஆடிக் கடைசியில் தர்சினியின் அம்மா, மருமகளாக வரப்போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாவகச்சேரிப் பிள்ளை, பேர் நிலானி. பின்னலை அவிழ்த்தபோது ஸ்டெல்லாவே கிட்ட வந்து பார்த்தாள். இடுப்புவரை சுருட்டை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பளபளவென்று. வொஷ் அன்ட் கோவும் வேண்டாம், ஒரு வாத்தியாரும் வேண்டாம். அதைத்தான் நேராக்க வேண்டுமாம்.

"உமக்கு விருப்பமோ பிள்ளை?" என்று நிலானியைக் கேட்டேன். "அவளுக்கு ஓம்" என்றார் தர்சினியின் அம்மா. இன்னொரு தரம் கேட்டேன். அதற்கும் அம்மாதான் ஓம் என்றார். பிள்ளை கண்ணாடியைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் தரம் கேட்கவில்லை, மருந்தைக் கலக்கினேன். பழகிய வீடு, கலியாண வேலை முழுவதும் என் பொறுப்பு, வாய்த்தர்க்கத்துக்கு மனம் வரவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தர்சினிக்கும் நான் இதைச் சொல்லவில்லை. புறப்படும்போது அம்மா நிலானியின் நேரான மயிரைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மோள்தான் சொல்லுக் கேக்காமல் தலையை விரிச்சுப்போட்டு நிக்கப்போறாள். மருமோளின்ரை தலையெண்டாலும் எங்கடை சொல்லுக் கேக்கட்டும்."

கூறை மாற்றும் நேரம்

கலியாணத்தன்று விடிய தர்சினியை என் கடைத் தண்ணீரில் முழுக வார்த்து, இலை, கிரீம், பெனியன் எல்லாம் முடித்து, தாய்வீட்டில் மின்விசிறிக்கு முன்னால் இருத்தினேன். அம்மா ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே இடுப்புவரை நீளமான பொய்ப் பின்னல். "ஒருக்கால் வைச்சுப் பாப்பம்" என்றார். "காயும்வரைக்கும் தொடப்படாது அம்மா" என்றாள் தர்சினி. அம்மாவும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காயட்டும் என்று இருந்தார். ஏழு மாதத்து உழைப்பு, திங்களா புதனா என்று ஈரத்தில் யாருக்குத் தெரியும்? காயக் காயச் சுருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கழுத்தடியில் வந்து நின்றன. இரண்டு மல்லிகைச் சரத்தைக் காதுக்குப் பின்னால் குத்தினேன். அம்மா கன நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

மண்டபத்தில், ஐயர் கொடுத்த கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு வருவதற்குத் தோழியான தர்சினி, பொம்பிளை நிலானியை உள்ளே கூட்டிவந்தாள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டு கொசுவம் பிடித்தேன். நிலானி கண்ணாடிக்குள் தர்சினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, ஒரு சுருளை மெல்ல இழுத்து விட்டாள். அது துள்ளித் திரும்பிப் பழைய இடத்துக்குப் போயிற்று. அந்தப் பிள்ளையின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்: "என்ரையும் உப்பிடித்தான் மச்சாள் கிடந்தது. இனித் திரும்பி வருமோ?"

தர்சினி அவளுடைய பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயிலிருந்த ஊசியை எடுக்கவில்லை. வெளியே, நேரம் போகிறது, பொம்பிளையைக் கூட்டி வாருங்கள் என்று குரல் கேட்டது. தர்சினி நிலானியின் தலைப்பைத் தோளில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, கதவைத் திறக்க முன்னம் சொன்னாள்: "வரும் நிலானி. கலியாணம் முடிய இவவிட்டையே போ. எரிக்கவும் இவவுக்குத்தான் தெரியும், வளத்துத் தரவும் இவவுக்குத்தான் தெரியும்."

இப்போதெல்லாம் கூட வந்தவரை வெளியே மர வாங்கில் இருத்திவிட்டு, கதிரையில் இருக்கிறவளிடம் மூன்று தரம் கேட்ட பிறகுதான் தலையில் கை வைக்கிறேன். அப்படியும் நான் செய்வது தொழிலா பிராயச்சித்தமா என்று யாராவது கேட்டால், காய்ந்த பிறகுதான் சொல்லலாம்.