கான்டெசாவுக்குள் அடுப்படி வாடை

தென்காசியில் பால்வண்ணநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பயத்தைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஒரு வெள்ளைக் கான்டெசா கார் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிற மனிதர். பொண்ணு மாப்பிள்ளையைப் பழைய காரில் ஏற்றிப் படம் பிடிப்பது இப்போது ஒரு மோகம் அல்லவா, முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. ஆனால் ஆள் எங்கே போனாலும் டிக்கியில் ஒரு அண்டைக் கல் கூடவே போகும். சமதரையில் நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைத்தால்தான் அவருக்கு மூச்சு வரும். "அண்ணாச்சி, கல்லுக்கும் சேத்துச் சாப்பாடு சொல்லிரவா?" என்று மண்டபத்து வாசலில் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கல்லை வைப்பார்.

வீட்டில் இன்னும் மோசம். அடுப்படியில் யாரும் நேராகப் போய் விளக்கைப் போட்டுவிட முடியாது. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும், சிலிண்டர் வாடை அடிக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் சுவிட்சு, அதற்கும் பிறகுதான் தீப்பெட்டி. "மொதல்ல மூக்கு, அப்புறம் கை" என்பது அந்த வீட்டுச் சட்டம். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். மகள் ஸ்ரீதேவி மட்டும் நடை பழகின காலத்திலேயே வாசலில் நின்று மூக்கைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை சிலிண்டர் டியூபில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தபோது, அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். அந்தப் பெருமையைக் கார் ஸ்டாண்டில் சொல்லாத நாள் கிடையாது மனுசனுக்கு.

அப்படிப்பட்ட மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை அருண்பாண்டி, குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மாள் வாயைத் திறந்தால் எதிரே இருக்கிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நிச்சயத்தன்றே மண்டபத்து வாசலில் கல்லைப் பார்த்துவிட்டு, "சம்பந்திக்கு ரொம்பத்தான் தைரியம்" என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னாள். ஸ்ரீதேவி தலையைக் குனிந்துகொண்டதைப் பால்வண்ணநாதன் பார்த்தார். அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். இனி சம்பந்தி வீட்டார் முன்னால் பயத்தைக் காட்டுவதில்லை. காட்டினால் அந்தப் பேச்சையெல்லாம் காலம் பூராவும் கேட்கப் போகிறவள் அவள்தானே.

பார்வதியம்மாள் கேட்டது ஒன்றுதான்: பொண்ணு மாப்பிள்ளை வருகிற காரில் ஏசி ஓட வேண்டும். குற்றாலத்தில் சாரலும் இல்லை, அருவியில் தண்ணீரும் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, நியாயமான ஆசைதான். கான்டெசாவின் ஏசியோ போன கோடையிலிருந்தே வெறும் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது. காரை எடுத்துக்கொண்டு ஆலங்குளம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஏசி மெக்கானிக் சாமிடம் போனார்.

சாம் பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் முகப்பில் சோப்பு நுரையைத் தடவினான். நுரை மெல்லக் கொப்புளம் விட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி, சீல் போயிட்டு. எண்ணெயும் கசிஞ்சிருக்கு. இந்தப் பழைய கம்ப்ரசருக்கு சீல் இப்ப கிடைக்காது, வேற கம்ப்ரசர்தான் மாத்தணும்."

"கல்யாணத்துக்கு நாள் இல்லையேப்பா."

"கல்யாணம் முடியட்டும், மாத்துவோம். அதுவரைக்கும் கேஸ் ஏத்தித் தாரேன். இதுக்குப் போடுத பழைய கேஸ் இப்ப எங்கயும் வாரதில்ல. நான் ஒண்ணு போடுதேன், ஐஸ் கணக்கா இருக்கும். ஒரு நாளைக்குத் தாங்கும்."

சாம் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனான். விலகின இடைவெளியில் பால்வண்ணநாதனுக்கு ஒரு சிவப்புச் சிலிண்டர் தெரிந்தது. வீட்டு அடுப்பில் வைக்கிற அதே சிலிண்டர். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் வேலைக்கு வண்டி விட்டிருந்த இரண்டு பேர், சக்கரத்தடியில் இருந்த கல்லைக் காட்டி ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதையும் கேட்டால் ஊரெல்லாம் பரப்புவார்கள். டீ போடுவதற்கு வைத்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனசு கேட்காமல் மகளிடம் சொன்னார். "சாம் கடையில அடுப்புச் சிலிண்டர் ஒண்ணு நிக்கு, பாத்துக்கோ."

"எதுக்குன்னு கேட்டியளாப்பா?"

"எல்லாம் டீக்குத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

இலஞ்சி குமாரர் கோவிலில் தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. அங்கிருந்து குற்றாலத்துக்கு மேளத்தோடு ஊர்வலம். கான்டெசாவின் பானெட் முழுக்க மல்லிகையும் சம்பங்கியும் தொங்கின. பின் சீட்டில் பொண்ணு மாப்பிள்ளை, முன் சீட்டில் பார்வதியம்மாள், ஸ்டியரிங்கில் பால்வண்ணநாதன். ஏசி, சாம் சொன்னபடியே ஐஸ் கணக்காக இருந்தது. "இப்பத்தான் சம்பந்தி காரு காரு மாதிரி இருக்கு" என்றாள் பார்வதியம்மாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தச் சந்தோசம் பாதி வழி வரைக்கும்தான். மேளக்காரர்கள் முன்னால் நடக்க, கார் ஊர்ந்துதான் போக முடிந்தது. ஏசிக் காற்றில் குளிர்ச்சி குறைந்தது. குறைந்த இடத்தில் ஒரு வாடை வந்தது. பூ வாசனைக்கு அடியில், லேசாக, அழுகின முட்டை மாதிரி. பால்வண்ணநாதன் மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். இத்தனை வருசம் அடுப்படி வாசலில் நின்று தேடின வாடை, ஒரு நாளும் வந்துவிடக் கூடாது என்று தேடின வாடை, கண்ணாடி ஏற்றின காருக்குள் மகளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஸ்ரீதேவி கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டுப் போகிற பிள்ளை, அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன அண்ணாச்சி, புழுதி பூராவும் புள்ள மூஞ்சில அடிக்கவா? ஏத்துங்க" என்றாள் பார்வதியம்மாள்.

"மதினி, ஒரு வாடை அடிக்கு, உங்களுக்குத் தெரியுதா?"

"பூ வாடைதான் அடிக்கு. உங்களுக்குப் பூவுக்கும் பயமா?"

மாப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். பால்வண்ணநாதன் கண்ணாடியைப் பாதி ஏற்றினார், ஏசியை அணைத்தார். அணைத்தால் என்ன, பானெட்டுக்கடியில் கசிகிறது கசிந்து உள்ளே வந்துகொண்டுதானே இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. நிறுத்தி இறங்கச் சொல்லலாம். ஆனால் புகுந்த வீட்டு வாசலில் ஆலாத்தி எடுக்காமல் புதுப்பெண் நடுரோட்டில் கால் வைத்தால் அந்த அம்மாள் அதை மன்னிக்கவா போகிறாள்? சாகிற மட்டும் சொல்லிக் காட்டுவாள். இன்னும் கொஞ்ச தூரம்தான், வீடு வந்துவிடும், எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார்.

தெருமுனையில் திரும்பின பிறகுதான் அவருக்கு அந்த ஆலாத்தியே புத்தியில் உறைத்தது.

நம் பக்கத்தில் பொண்ணு மாப்பிள்ளை காரை விட்டு இறங்கின பிறகா ஆலாத்தி எடுக்கிறோம்? உட்கார்ந்த சீட்டிலேயே வைத்துத்தான். கதவைத் திறந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டில் வெற்றிலை போட்டு, வெற்றிலை மேல் சூடத்தைக் கொளுத்தி, தட்டைக் காருக்குள்ளேயே நீட்டி மூன்று சுற்று சுற்றுவார்கள். எத்தனை கல்யாணத்தில் அவர் அந்தத் தட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவில் நாலு பையன்கள் சரவெடியை வேறு நீளமாக விரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அக்கா மஞ்சு தட்டோடு நின்றாள். கார் வருவதைப் பார்த்துச் சூடத்தைப் பற்ற வைத்தாள்.

பால்வண்ணநாதன் தெருமுனையிலேயே பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருகிப் பிடுங்கினார்.

"எல்லாரும் இறங்குங்க. இப்பவே இறங்குங்க."

"என்னது? ஆலாத்தி எடுக்காம என் மருமக தரையில கால் வைக்கதாவது?" பார்வதியம்மாள் அசையவில்லை. "ஏட்டி மஞ்சு, இங்கன கொண்டாட்டி தட்டை."

கார் நின்றுவிட்டதைப் பார்த்து மஞ்சு ஏற்கெனவே எரிகிற தட்டோடு சிரித்துக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். பால்வண்ணநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்கியது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அவள் பானெட்டை நெருங்குவதற்குள் முன்னால் போய் நின்று, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டார்.

தீ அணைந்தது. மேளம் நின்றது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். ஆலாத்தியை அணைத்துவிட்டான், பெற்ற மகளுக்கே இப்படி ஒரு காரியம் செய்தவனை எங்கேயும் பார்த்ததில்லை என்றார்கள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. திரும்பி ஓடி, பின்கதவைத் திறந்து, மகள் கையைப் பிடித்து இழுத்தார். அருண்பாண்டி அவர் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, ஒன்றும் சொல்லாமல் மறுபக்கம் இறங்கி, அம்மாவின் கதவையும் திறந்துவிட்டார். காரை அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் வாசல் வரை நடந்தார்கள். வேறு சூடம் கொளுத்தி நடையில் நிறுத்தி ஆலாத்தி எடுத்தார்கள். சரவெடியைக் கொளுத்த விடாமல் பால்வண்ணநாதன் அதன் மேலேயே நின்றுகொண்டார்.

"பயந்தாங்கொள்ளிப் பய வீட்டுல பொண்ணெடுத்தோம், நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுப் பார்வதியம்மாள் உள்ளே போனாள்.

நாலு கதவையும் பானெட்டையும் திறந்து போட்டு, எட்ட நின்று சாமுக்குப் போன் போட்டார்.

"அடுப்புக் கேஸா போட்ட?"

"ஆமா அண்ணாச்சி. பழைய வண்டிக்கு நம்ம பக்கத்துல அதத்தான போடுதோம். கூலிங் வரலையா?"

அவர் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் பயம் முழுசாக வந்தது. அண்டைக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார், பிறகு காரை விட்டுத் தள்ளி, வீட்டுப் பக்கச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பந்திக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பீடியோடு யார் அந்தப் பக்கம் வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். உள்ளங்கை கொப்புளித்து எரிந்தது.

வீடு கொஞ்சம் ஓய்ந்த பிறகு ஸ்ரீதேவி ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்தாள். அவர் கையை விரித்துத் தயிரைத் தடவினாள்.

"அது சிலிண்டர் கேஸ்தான், ட்டி. சாமே சொல்லிட்டான்."

"எனக்குத் தெரியும்ப்பா. இலஞ்சி தாண்டும்போதே வாடை அடிச்சிட்டு."

கைக்குட்டையால் மூக்கை ஒற்றினாளே, அது இதற்கா?

"பொறவு ஏன் சொல்லல?"

"அத்தை முன்னால இருந்தாங்க. மொத நாளே நானும் ஒங்களப் போலன்னு சொல்லிருவாங்கன்னு பயந்துட்டேன்."

"செத்துப் போயிருப்பியே, ட்டி. அதுக்குப் பயமில்லையா? யாரு இருந்தா என்ன, வாயத் தொறக்க வேண்டாமா?"

ஸ்ரீதேவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சாம் கடையில நீங்க கேட்டியளாப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிரித்துவிடுவார்களே என்று அவர் அங்கே விழுங்கின ஒரு வார்த்தையைத்தான் அவளும் காருக்குள் உட்கார்ந்து விழுங்கியிருக்கிறாள். மூக்கைப் பழக்கினோம், வாயைப் பழக்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"ஏட்டி ஸ்ரீதேவி, அங்கன என்ன வேலை? மருமக கையால காப்பி போடணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று உள்ளிருந்து பார்வதியம்மாள் குரல் கொடுத்தாள். ஸ்ரீதேவி எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுப்படி ஜன்னல் அவர் உட்கார்ந்திருந்த சுவரில்தான் இருந்தது. கல்யாணச் சந்தடியில் சாத்திக் கொக்கி போட்டிருந்தார்கள். உள்ளே பாத்திரம் வைக்கிற ஓசை, பால் ஊற்றுகிற ஓசை. தீப்பெட்டி உரசுகிற சத்தத்துக்காகப் பால்வண்ணநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது வரவில்லை.

"அத்தை, தீப்பெட்டிய இப்பக் கிழிக்காதீங்க. மொதல்ல மூக்கு" என்று மகளின் குரல் கேட்டது. குரல் நடுங்கியது, ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது.

"என்னது?" என்றாள் பார்வதியம்மாள்.

அதற்கு மகள் என்ன சொன்னாள் என்று அவர் காதில் விழவில்லை. பிறகு அவர் தலைக்கு மேலே ஜன்னல் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு கதவும் திறந்தன.