கேட்காமல் வைத்த தலைப்பாகை

என் தாய்மாமன் லிங்கப்பனின் தலையை யாரும் தொடக்கூடாது. கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இதற்காக அவரைத் திட்டாதவர்களும் கிடையாது. சின்ன வயதில் மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்களாம். அதில் ஒருவரை மாமன் கடித்துவிட்டார். கிறுக்கன் என்று பெயர் வைக்க ஊருக்கு அது போதுமாயிருந்தது.

மைசூரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் பின்னறையில்தான் அவர் காலம் போனது. பெண்கள் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்டுப் போகும் புடவைகளைத் திரும்ப மடித்து வைப்பது வேலை. யாரிடமும் பேச வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அம்மா ராமக்காள்தான் சோறு போட்டாள். சோற்றைத் தனியாக, குழம்பைத் தனியாக வைத்தால் சாப்பிடுவார். பிசைந்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமனுக்குத் தலையில் உருமால் கட்டுவார்கள். என் கல்யாணத்தில் பெரியப்பா உருமாலை எடுத்துக்கொண்டு கிட்டே வந்ததும் மாமன் மண்டபத்தை விட்டே ஓடிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். அம்மா அசரவில்லை. வாசலில் நின்றவரின் கையில் அந்தத் துணியைக் கொடுத்து, "இதைக் கையில புடிச்சுக்கிட்டு நில்லுண்ணா, போதும்" என்றாள். நின்றார். சடங்கு நடந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அம்மா செத்த பிறகு மாமன் சாப்பிடுவதை நிறுத்தினார். மைசூரில் ஒரு முதியோர் மனநல வார்டில் சேர்த்தேன். அங்கே ஓர் ஆள் அவரை இழுத்துக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினான். மாமன் தள்ளிவிட்டார். ஊசி போட்டார்கள். அந்த மயக்கத்தில் கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகுதான் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து என்னை விசாரித்தார். இது ஆட்டிசம், பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார். அறுபத்தெட்டு வயதில் என் மாமனுக்குக் கிறுக்கனைவிட நல்ல பெயர் ஒன்று கிடைத்தது.

ஊழியர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்கிறோம், அது முடிந்த அன்று மாலையே அவரைக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். அதற்குள் மறுபடி கை நீட்டினால் ஊசிதான், பூட்டிய வார்டுதான் என்றும் சொல்லிவைத்தார். அந்த நாளுக்காகவே நஞ்சன்கூட்டில் என் வீட்டில் அவர் அறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன்.

குடும்பத்தாரும் வரலாம் என்றதால் பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து வந்த அம்மாள் நன்றாகத்தான் பேசினார். கேட்காமல் தொடாதீர்கள், திடீர்ச் சத்தம் ஆகாது, சில துணிகள் மேலே பட்டாலே அவர்களுக்குத் தாங்காது என்றார். ஆனால் திரையில் காட்டிய படம் முழுக்கக் குழந்தைகள். சறுக்கு மரம், பொம்மை ரயில், பள்ளிக்கூடப் பை. நரைத்த தலை ஒன்றுகூடக் கிடையாது. வார்டு சிஸ்டர் ஜூடித் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த வார்டில் மாமனிடம் பிரியமாக இருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பயிற்சி முடிந்ததும் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். விழா என்றால் மைசூரில் பேட்டா இல்லாமல் முடியாது. ஜரிகை வைத்த அந்தத் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, கைதட்ட வேண்டும். பயிற்சி கொடுத்த அம்மாளுக்கு வைத்தார்கள், டாக்டருக்கு வைத்தார்கள். ஒன்று மிச்சம் இருந்தது. இதற்கெல்லாம் காரணமே நம்ம லிங்கப்பன் ஐயாதான் என்று ஜூடித் மைக்கில் சொன்னாள். அவரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். நான் எழுந்து வேண்டாம் என்று கத்துவதற்குள் சால்வை தோளில் விழுந்தது, பேட்டா தலையில் உட்கார்ந்தது, அறையே கைதட்டியது.

மாமன் அலறினார். பேட்டாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜூடித்தைத் தள்ளினார். அவள் நாற்காலியோடு விழுந்தாள். கைதட்டிய கைகளே ஓடிவந்து அவரைப் பிடித்தன. டாக்டர் தன் தலையில் இருந்த பேட்டாவைக்கூட எடுக்காமல் ஊசி கொண்டுவரச் சொன்னார்.

நான் நடுவில் போய் நின்றேன். அவரை விடுங்கள் என்று கன்னடத்தில் கத்தினேன். விட்டார்கள். தமிழ் தெரிந்த ஜூடித்திடம் மட்டும் தமிழில் கேட்டேன்.

"கேக்காம தொடக்கூடாதுன்னு காலையில சொன்னாங்கல்ல சிஸ்டர்? நீங்களும் தலையாட்டுனீங்கல்ல?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்குன்னு நெனச்சேன் அக்கா. மரியாதைக்குத்தானே வெச்சேன்."

"அந்தப் பிள்ளைங்க கெழவனானா எங்க போவாங்கன்னு நெனச்சீங்க? இங்கதான் வருவாங்க. உங்ககிட்டதான் வருவாங்க."

அவள் எழுந்து டாக்டரிடம் போய், லிங்கப்பன் ஐயா அடிக்கவில்லை, நான் தலையில் கை வைத்ததால் தள்ளினார் என்றாள். ஊசி திரும்பிப் போனது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். இனி எதைப் பார்க்க? என் பொறுப்பில் இன்றே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாமன் அதற்குள் மூலையில் போய் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு சால்வையை ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அதை ஜூடித்திடம் கொண்டுபோய், கை படாமல், முகம் பார்க்காமல் நீட்டினார்.

"எனக்கு இது வேண்டாமுங்க" என்றார்.

கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். ஜூடித் அதை வாங்கிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, மாமனோடு நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.