ஷட்டரைப் பூட்டிய கிறிஸ்துமஸ் லீவு

ஸ்பின்னிங் மில்லுக்குள் யாரும் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் எல்லாவற்றுக்கும் கைச்சாடைதான். நூல் அறுந்தால் இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்துப் பிரித்துக் காட்டுவோம். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவ வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அந்த இரைச்சல் எனக்கு வசதியாகவே இருந்தது.

என் மனைவியும் அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவளுக்குப் பகல் ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் நான் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் மில் பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன், அவள் ஏறுவாள். பஸ் படிக்கட்டில் பிள்ளை கை மாறும். பால் குடித்தாளா, காய்ச்சல் விட்டதா என்பதையெல்லாம் ஜன்னலிலிருந்து சாடையிலேயே சொல்லிவிடுவாள். நான் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டு, பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவேன். பகலில் அதில் வருவதெல்லாம் இந்தி. படம் ஓடும்வரை அவள் நகர மாட்டாள். சாயங்காலம் என் மனைவியும் வந்து அலுப்போடு அதே டிவி முன்னால்தான் உட்காருவாள்.

மூன்று வயது முடிந்தும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். தெருவில் ஊமைப்பிள்ளை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பிள்ளைக்குப் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பினாள். பிறகு, வீட்டில் பிள்ளையிடம் யார் அதிகம் பேசுவீர்கள் என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்து, நீ சொல் என்று சாடை காட்டினேன். அவள் திருப்பி எனக்குக் காட்டினாள். டாக்டரம்மா இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வரும்ல?” என்றார்.

மில்லைப் பற்றியும் டிவியைப் பற்றியும் என் மனைவிதான் சொன்னாள். காதில் குறை ஒன்றும் இல்லை, டிவியை மூடிவிட்டுப் பிள்ளையிடம் பேசுங்கள் என்றார் டாக்டரம்மா. என்ன பேசுவது என்று கேட்டோம். செய்கிற வேலையை வாயாலும் சொல்லுங்கள் என்றார். அவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது வருஷம் கழிந்து வந்து பார்க்கும்போதும் ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

எங்கள் மில்லில் கிறிஸ்துமஸை ஒட்டி நாலு நாள் மெஷின்களை நிறுத்திக் கழற்றி மாட்டுவார்கள். வருஷா வருஷம் பிட்டர்களுக்குக் கையாளாக நானும் போவேன். அந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் டிவி மரப்பெட்டிக்குள் இருப்பது, முன்னால் இழுத்து மூட ஷட்டர் உண்டு. என் மனைவி அதை இழுத்துப் பூட்டிச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள்.

பிள்ளை ஷட்டரைத் தட்டித் தட்டி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டிவி தூங்குகிறது என்றேன்.

“மில்லுக்குள்ள நிக்குத மாதிரி கத்தாதீங்க. பிள்ள பயந்துரும்” என்றாள் என் மனைவி.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ராத்திரி சினிமாப் பாட்டுப் பார்க்க அடுத்த வீட்டு அக்கா வழக்கம்போல வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். டிவி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. தெரிந்த மெக்கானிக் இருக்கிறான், காலையிலேயே அனுப்புகிறேன் என்றார். வேறு வழியில்லாமல், ரிப்பேர் இல்லை, பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று மூடியிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் ஊமைப்பிள்ளை என்று சொன்னவர்களில் ஒருவர்.

“தம்பி, நீங்க இம்புட்டுப் பேசி இன்னைக்குத்தான் கேக்கேன். உங்களுக்கே வந்துட்டு, பிள்ளைக்கு வராமலா போகும்” என்றார். பிறகு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தெலுங்கிலும் தமிழிலுமாக எங்களுக்கும் சேர்த்துப் பேசிவிட்டுப் போனார்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். காலையில் கோயில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் கோயில் என்றேன். கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் தொங்கிய காகித நட்சத்திரங்களைக் காட்டி ஸ்டார் என்றேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபோது மில்லைப் பற்றிச் சொன்னேன். பஞ்சு எப்படி வரும், எப்படித் திரியாகும், அது அறுந்தால் எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம். மூன்றாம் நாள் வத்திராயிருப்பு பஸ் பிடித்து, அங்கிருந்து பிளவக்கல் அணைக்குப் போனோம். தண்ணீர், மலை, குரங்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி, மதுரைக்குப் போக எத்தனை நாள் லீவு கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம் என் மனைவி கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள், மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலில். பிள்ளை எதிரே உட்கார்ந்து பூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மறுநாள் ராத்திரி ஷிப்டுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு, இப்போது காலரைத் தேய்க்கிறேன், இப்போது கையைத் தேய்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நூல் அறுந்து பூ சிதறியது.

பிள்ளை இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். மில்லில் நாங்கள் காட்டுகிற அதே சாடை. என் மனைவியின் கை பழக்கத்தில் பதில் சாடைக்குத் தூக்கிக்கொண்டது. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். விரல்களை மறுபடியும் காட்டினாள். யாரும் ஒன்றும் செய்யவில்லை.

“அந்துருச்சு” என்றாள்.

என் மனைவி நூலை எடுத்து அவளிடம் நீட்டி, ஆமாம், அந்துருச்சு, என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

“கட்டு” என்றாள் பிள்ளை.

ஷிப்ட் தொடங்கி முதல் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். என் மனைவி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “ரெண்டு இட்லி தின்னுருக்கா. சட்னி வேண்டாம்னு வாயாலயே சொல்லிட்டா” என்று சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

“சரி” என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.