ஏழாம் வரிசை ஓரக் கதிரை

ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கிரிக்கெட்டே பார்க்காதவள். மதுரையில் வளர்ந்து, ஜெர்மனியில் வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருடத்தில் எட்டு மாதம் குளிரைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி, ஏப்ரலில் வெயில் தலைகாட்டியதும் ஐஸைப் பார்க்கக் கிளம்பினால் சிரிக்கத்தான் செய்வார்கள். காரணம் சிவா அண்ணை.

பான் நகரில் என் தோழி வீட்டுப் பிறந்தநாள் விழாவில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஐஸ் ஹாக்கி ஹாலில் வேலை. ஆட்ட இடைவேளையில் கீறல் விழுந்த பனித்தளத்தை மறுபடி வழுவழுவென்று ஆக்குவதற்கு ஒரு பெரிய வண்டி உண்டு. அதை ஓட்டுகிறவர். இருபது வருடமாக அவரும் ஹோல்கர் என்கிற ஜெர்மன்காரரும் முறை வைத்து ஓட்டினார்களாம். முறை இல்லாத நாளில் ஹோல்கர் ரசிகராகப் போய் உட்கார்ந்துவிடுவார். கடைசி விசில் ஊதியதும் முதல் ஆளாகக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுவதில் ஊரிலேயே பேர்போனவர். அங்கிருந்து வெளியேறும் தடுப்புக் கம்பத்தில் கார் வரிசையில் நிற்க அவருக்குப் பிடிக்காது.

"எங்கட ஆக்கள் ஒருக்காக்கூடக் கப் வெண்டதில்லைத் தங்கச்சி. 'அதைப் பாத்திட்டுத்தான் சாவன்' எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். போன கோடையில செத்துப்போனான். குடும்பம், பிள்ளை, ஒருத்தரும் இல்லை. அவன் செத்த சீசனிலதான் இவங்கள் வெல்லத் தொடங்கினவங்கள், பாருங்கோ. அவன் பாக்காமலே போயிட்டான். எனக்கு அது ஒண்டுதான் குறை" என்றார் சிவா அண்ணை. கேக் தட்டை அவர் தொடவே இல்லை.

ஒவ்வொரு வருடமும் பட்டியலின் நடுவில் கிடந்த அந்த அணி, இந்த வருடம் இரண்டாம் நிலை லீக்கின் இறுதித் தொடர் வரை வந்துவிட்டது. ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, ஏழாவது ஆட்டம் சொந்த ஊரில். அண்ணை போன் செய்தார். "கட்டாயம் வாங்கோ." தட்ட முடியவில்லை. ஊரின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே ஆட்கள் வந்து ஒரு கதிரையோடு செல்ஃபி எடுக்கிறார்களாம். கதிரை என்றால் நம் பாஷையில் நாற்காலி. ஊர்ப் பெயர் இல்லாமல் என்ன பயணக் கட்டுரை என்று திட்டாதீர்கள். பழைய ஹால் எதுவாக இருந்தாலும் நான் கடைசியில் சொல்லும் யோசனைகள் பொருந்தும்.

சனிக்கிழமை பானுக்குப் போய்த் தோழி வீட்டில் தங்கினேன். ஞாயிறு மதியம் 1.20க்கு ரயில். மாதச் சீட்டு வைத்திருந்தால் தனிக் கட்டணம் கிடையாது. வழியில் ஒரு முறை மாற வேண்டும். திட்டப்படி 4.05க்குப் போய்ச் சேர்ந்து, காபி குடித்து, ஐந்து மணி ஆட்டத்துக்கு நிதானமாக நடந்து போயிருக்கலாம். ஆனால் முதல் ரயில் தாமதம், மாறுகிற ரயில் எனக்காகக் காத்திருக்குமா? அடுத்தது வரும்வரை மலையடிவாரத்து ஸ்டேஷனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவுடு காத்தேன். இறங்கும்போது ஐந்தேகால்.

அந்த ஊர் எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. நல்ல வெயில், ஜன்னலுக்கு ஜன்னல் நீலக் கொடி, தெருவில் ஒரு சுடுகுஞ்சு இல்லை. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஊரே ஹாலுக்குள் போய்விட்டது என்று புத்திக்குத் தெரிகிறது, கால் மட்டும் வேகமாக நடக்கிறது. ஸ்டேஷனில் கண்ணில் பட்ட ஆண்கள் மூன்றே பேர். மூன்று பேருக்கும் முகத்தை மறைக்கும் தாடி. வழியில் கிடைத்த டாக்ஸிக்காரருக்கும் தாடி. பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகள் தொடங்கினால் தோற்கும்வரை அல்லது கப் வாங்கும்வரை வீரர்கள் சவரம் செய்ய மாட்டார்கள், இந்த வருடம் ஊரும் சேர்ந்துகொண்டது என்று அவர்தான் சொன்னார். மாலை போட்ட ஐயப்ப சாமிகள் மாதிரி. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூன்று கிலோமீட்டர், 14 யூரோ. இறங்கும்போது எந்த பிளாக் என்று கேட்டார். பி என்றேன்.

"ஓ, ஹோல்கர் பக்கமா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்."

"அவர் இறந்துவிட்டார் அல்லவா?" என்றேன்.

"ஆமாம்" என்றார் டாக்ஸிக்காரர், மீதிச் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே. "அதனால் என்ன?"

சில்லறையை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன்.

டிக்கெட் 26 யூரோ. என்னுடையதை அண்ணை கேட்டில் கொடுத்து வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் விவரமும் இருந்தது: பி பிளாக், எட்டாம் வரிசை, ஓரக் கதிரை, சால்வை போட்டு வைச்சிருக்கிறன். அதாவது குளிருக்குக் கழுத்தில் சுற்றும், அணியின் பெயர் போட்ட துணி. உள்ளே நுழைந்தால் ஹால் முழுக்கப் பனிமூட்டம். சினிமாவில் பேய் வரும்போது புகை விடுவார்களே, அதே அளவு. வெளியே வெயில், உள்ளே ஐஸ், ஈரக் காற்றை இழுக்கும் மெஷின் பழசு. அதனால் பனித்தளத்திலிருந்து எழும் மூட்டம் கீழ் வரிசைகள் வரை ஏறியிருந்தது. அதற்குள் சறுக்குக் கத்திகள் சர் சர் என்று கிழிக்கிற சத்தம் கேட்கிறது. ஆள் தெரிவதில்லை. திடீரென்று ஒரு தாடி முகம் கண்ணாடிச் சுவரில் வந்து மோதிவிட்டு மறைகிறது.

படியில் எழுதியிருந்த வரிசை எண் தெரியவில்லை. எல்லோரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி காலி, அதன் மேல் சால்வை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். காலடியில் யாரோ பியர் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

நாற்காலி கதகதப்பாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிதான். யாரோ ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது மாதிரி ஒரு சூடு. ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு காலை நீட்டினேன். சத்தியமாக, அந்த ஐந்து நிமிடமும் சுகமாக இருந்தேன்.

அப்போது எதிரணி கோல் போட்டது. சுற்றிலும் ஒரே முனகல். தலையில் அடித்துக்கொண்டு திரும்பிய ஒருவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் பக்கத்து ஆளைத் தொட்டார். அந்த ஆள் திரும்பினார். இப்படியே ஒவ்வொருவராக, முன் வரிசை, பின் வரிசை, தாடி தாடியாக, பி பிளாக் முழுவதும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பக்கத்தில் நின்ற அறுபது வயதுப் பெண்மணி குனிந்து, மெதுவாக ஜெர்மனில் சொன்னார்: "எழுந்திருங்கள். அது ஹோல்கருடைய இடம்."

எழுந்தேன் என்றா சொல்கிறீர்கள், துள்ளினேன். அந்த அம்மா என் கழுத்திலிருந்து சால்வையைக் கழற்றி, நாற்காலியில் விரித்து, பியர் கோப்பையைப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு பின் வரிசையைக் காட்டினார். அங்கே ஓரத்தில் இன்னொரு சால்வை தரையில் சரிந்து கிடந்தது. என் நாற்காலி அதுதான். உட்கார்ந்தேன். ஐஸ் கட்டி.

முதல் இடைவேளையில் சிவா அண்ணை தன் வண்டியில் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தார், வளைந்தார், மறுபடி மூட்டத்துக்குள் போனார். முடிந்ததும் நேரே என்னிடம் ஏறி வந்தார். அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள் போல. நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்கோ. நீங்கள் அதில இருந்தனீங்களோ? ஓமோ இல்லையோ?"

"இருந்தேன், அண்ணை."

"கதிரை எப்பிடி இருந்தது?"

"சூடா இருந்துச்சு. ஹீட்டர்தானே?"

அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "இந்த ஹோலில ஹீட்டர் எண்டு ஒண்டும் இல்லைத் தங்கச்சி. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்கு முந்தி ஆரும் இருந்து எழும்பிப் போனவையோ?"

பக்கத்து அம்மாவிடம் கேட்டோம். ஆட்டம் தொடங்கியதிலிருந்து தான் அங்கேயே நிற்பதாகவும், நான் வரும்வரை ஒருவரும் உட்காரவில்லை என்றும் சொன்னார்.

அப்புறம்தான் அண்ணை முழுக்கதையும் சொன்னார். ஹோல்கருக்குக் காரியம் செய்ய ஆள் இல்லை. அதனால் முப்பத்தோராம் நாள், நம் முறைப்படி இவரே படைத்திருக்கிறார். இறந்தவருக்குப் பிடித்ததைத்தானே படைப்பது? ஹோல்கருக்குப் பிடித்தது பொரித்த சொசேஜும் பியரும். அதை அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, அவருடைய சால்வையைக் கதிரையில் விரித்துவிட்டு வந்தார். ரசிகர்கள் பார்த்தார்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் அணி ஜெயித்தது. அன்றிலிருந்து சொந்த ஊர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் யாராவது பியர் வைக்கிறார்கள், சீசன் முடியும்வரை அதில் ஒருவரும் உட்காரக் கூடாது என்று கட்டுப்பாடு. வேளாங்கண்ணி, சபரிமலை என்று வேண்டிக்கொள்வது நாம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க தொட்டுப் பார்த்ததே இல்லையா?"

"இல்லை. செத்தவன் செத்தவன்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லுவன். ஆனால் தொட்டுப் பாக்கப் பயம். குளிர்ந்து கிடந்தால் என்ன செய்யிறது?" என்றார். இந்த மனிதருக்கு, ஹோல்கர் பார்க்கிறாரா என்கிற ஒற்றைக் கேள்வியைத் தவிர வேறு ஆட்டமே அங்கு நடக்கவில்லை.

மீதி ஆட்டத்தை நான் எழுதினால் ஹாக்கி தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. மூட்டம் இன்னும் கூடிவிட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணியையும் துண்டை வீசிக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சறுக்கச் சொன்னார், மூட்டம் கலைவதற்காக. நீலமும் வெள்ளையுமாக நாற்பது தாடிக்காரர்கள் சத்தமில்லாமல் வட்டம் போடுவதை நீங்களும் பார்த்தால் அன்று இரவு விளக்கை அணைக்க மாட்டீர்கள். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கூடுதல் நேரத்தில் முதல் கோல் போடுகிறவர்களுக்குக் கப். எட்டாவது நிமிடம். எதிரணி கோல்கீப்பரின் பக்கம் முழு வெள்ளை. டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பக் எனும் ரப்பர் வட்டு உள்ளே போனதை ஹாலில் ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பக்கத்து அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

வீடியோ பார்த்து, கோல்தான் என்று அறிவித்து, கம்பளம் விரித்துக் கப்பைக் கொண்டுவரவே பத்து நிமிடம் பிடித்தது. எல்லோரும் கீழே கண்ணாடிச் சுவரை நோக்கி ஓட, சிவா அண்ணை மட்டும் ரப்பர் பூட்ஸோடு படி ஏறி வந்தார். சீசன் முடிந்துவிட்டது. கட்டுப்பாடு கிடையாது. என் முகத்தை ஒரு முறை பார்த்தார். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஏழாம் வரிசை ஓரக் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் இருக்கையில் அழுத்தினார்.

"சில்லெண்டு கிடக்கு" என்றார்.

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து சூடாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு மனிதனுக்கு ஆசை காட்டி, இப்படி உட்காரவைத்துவிட்டேனே. கீழே ஓடாமல் என்னோடு நின்ற அந்த அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்: "சிவா, விசில் ஊதிப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் என்றைக்கு அதற்குமேல் இருந்திருக்கிறார்?"

அண்ணை அவரைப் பார்த்தார். வெளியே போகும் கதவைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "ஓம், என்ன! விசரன், கப்பைக் கையில குடுக்கிறதைக்கூடப் பாக்காமல் ஓடிட்டான். பார்க்கிங்கில முதல் ஆளாப் போகோணும் அவனுக்கு." சொல்லச் சொல்லச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. "பாத்திட்டான் தங்கச்சி. பாத்திட்டுத்தான் போயிருக்கிறான்."

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. நாற்காலிக்கு அடியில் ஏதோ குழாய் போயிருக்கலாம், என் சொந்த உடம்புச் சூடாகவும் இருக்கலாம். ஆனால் பின் வரிசை நாற்காலி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தும் எனக்குச் சூடாகவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெளியே என்ன வெயில் அடித்தாலும் கம்பளிக் காலுறையும், உட்கார ஒரு மெத்தைத் துண்டும் எடுத்துப் போங்கள். பழைய ஹால்களில் நொறுக்குத்தீனிக் கடை கார்டு வாங்காது, பத்து யூரோ சில்லறையாக இருக்கட்டும். ரயில் மாற வேண்டியிருந்தால் ஒரு வண்டி முன்னதாகவே கிளம்புங்கள். வரிசை எண்ணை இரண்டு முறை எண்ணுங்கள், சால்வை கிடக்கும் நாற்காலியில் கை வைக்காதீர்கள். காரில் போகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேற வேண்டும் என்று ஓட வேண்டாம். எவ்வளவு வேகமாக ஓடினாலும் உங்களுக்கு முன்னால் ஒருவர் போயிருப்பார்.