தோற்பதற்கென்றே ஒரு ஜாப்

அலுவலகக் கம்ப்யூட்டர் வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஷெட்யூலரை எங்களுக்கு அமைத்துத் தர வந்தவர் அவர். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்காரர். நெற்றியில் சந்தனக் கீற்று. நாற்காலி போட்டாலும் நின்றுகொண்டேதான் கீபோர்டைத் தட்டுவார். போன் அதிர்ந்ததா என்று அடிக்கடி சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்.

தானாக ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப்; அவற்றைக் குழுக்களாகப் பிரித்தார். ஏதாவது ஃபெயில் ஆனால் என் போனுக்கு அலர்ட் வரும்படி செய்தார். யார் எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுத்தார். கடைசியில், தினமும் காலையில் ஃபெயில் ஆவதற்கென்றே ஒரு ஜாப் சேர்த்தார். அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்.

“எதுக்கு சார்? தெனமும் சும்மா ஒரு அலர்ட் வருமே?” என்றேன்.

“வரணும், கேட்டேளா. ஒண்ணுமே வரலேன்னா எல்லாம் சரியா ஓடறதுன்னு நெனைச்சுண்டு இருப்பேள். அலர்ட்டே செத்துக் கிடந்தாலும் தெரியாது.”

“அதுவும் வரலேன்னா?”

அவர் சிரிக்கவில்லை. “அன்னிக்கு உக்காராதேங்கோ.”

அவர் போன பிறகு, அந்த அலர்ட்டைத் தினமும் எரிச்சலோடுதான் அழித்துவந்தேன். இன்று காலை அது வரவில்லை. திரையில் எல்லா ஜாப்பும் பச்சை, தோற்க வேண்டியதும்கூட.

“எல்லாம் ஓக்கேயல்லே? பின்னே எதுக்கு நிக்கறீங்க, உட்காருங்க” என்கிறார் மலையாளி மேனேஜர்.

என்னால் உட்கார முடியவில்லை.