பதிமூன்றாவது பை

போன வாரம் எங்கள் பை தைக்கும் பட்டறைக்குத் தோல் வெட்டும் மிஷின் வந்தது. கம்ப்யூட்டர் சொல்லும், அது வெட்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு பேனா இறங்கித் தோலில் கோடு போடுகிறது. அந்த மையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முழங்கால் வலித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வகுப்பில் வெள்ளைப் பலகையில் எழுதுவார்களே, அந்த மார்க்கரின் வாசனை அது. பத்து வருஷம் இருக்கும். அப்போது பட்டறை தாராவியில் இருந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், முப்பத்து நாலு வயதில் கோடிங் படிக்கப் போனேன். அறிவு வளரட்டும் என்று போகவில்லை. நாற்காலிக்காகப் போனேன்.

தோல் வெட்டுகிறவன் தரையில் உட்கார வேண்டும். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, நாள் முழுக்க. மடக்கிய முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர், இனிமேல் நாற்காலியில் உட்காருகிற வேலையாகப் பார் என்றார். மருந்துச் சீட்டில் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான். அதே வாரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ். இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி, ஆறு மாதம், பாஸானால் ஆபீஸ் வேலை. படத்தில் ஒருவன் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் ஞாபகமில்லை. நாற்காலி ஞாபகமிருக்கிறது.

முதலாளி சாகுல் பாய்க்கு அன்றைக்கே சேதி போய்விட்டது. எனக்கும் அவருக்கும் திருநெல்வேலிப் பக்கந்தான்.

"என்ன வே, கம்ப்யூட்டர் படிக்கப் போறீராமே?"

"சேருக்காவ பாய்."

"சேருதான வேணும்? நான் வாங்கிப் போடுதேன். அதுல உக்காந்து தோலு எப்படி வே வெட்டுவீரு?"

நான் முழங்காலைத் தடவினேன். அவரே சொன்னார்: "பாஸானா போவும். இல்லேன்னா உம்ம கத்தி இங்கனதான் கெடக்கும்."

வகுப்பு சாயங்காலம். கீழே இட்லி மாவு அரைக்கிற வீடு, மேலே நாங்கள். ஏறுவதற்கு இரும்பு ஏணி. முழங்காலைக் காப்பாற்றக் கிளம்பியவன் தினமும் ஏணி ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் நாற்காலி இல்லை, பிளாஸ்டிக் ஸ்டூல்.

டீச்சர் வித்யா மாட்டுங்காவிலிருந்து வருவாள். இருபத்திரண்டு வயது. என்னை அண்ணா என்றாள். மற்ற எல்லோரும் அங்கிள் என்றார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர் என்றாள். பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பெயர் தெரியாமல்.

லூப் எனக்கு வந்துவிட்டது. கணக்குதான் வரவில்லை. பன்னிரண்டு என்று சொன்னால் பதிமூன்று போடுவேன்.

"எப்பவும் ஏன் ஒண்ணு ஜாஸ்தி போடறேள்?"

"டஜனுக்கு ஒண்ணு கூட வெட்டணும் டீச்சர். தைக்கையில ஒண்ணு கெட்டுப்போவும்."

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கெட்டுப் போகாது அண்ணா!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் நாலு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அதை நான் அவளிடம் சுட்டிக்காட்டவில்லை. பாவம், தினமும் அதோடுதான் மல்லுக்கட்டினாள்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு சார் வந்தார். கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். ஒரு டஜன் பைக்கு ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் நம்பர் வர வேண்டும். என் தொழில். பன்னிரண்டு என்று எழுதினேன். சரியாக வந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆர்டர் என்று போட்டிருக்கிறதே. ஆர்டருக்குப் பன்னிரண்டே வெட்டி எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை. பதிமூன்றாக மாற்றினேன்.

சார் திரையைப் பார்த்தார். "ஏக் ஜாஸ்தி க்யோன்?" என்றார், ஒன்று ஏன் கூட என்று. சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வித்யா அவரிடம் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினாள். எனக்குக் கொடுத்த காகிதத்தில் பாஸ் என்று இல்லை, 'கலந்துகொண்டார்' என்று இருந்தது. உண்மைதானே, கலந்துகொண்டேன்.

மறுநாள் சாகுல் பாய் கத்தியை எடுத்து நீட்டினார்.

"சேரு கெடச்சுதா?"

"இல்ல பாய்."

"உக்காரும்."

உட்கார்ந்தேன்.

அந்த வாரம் ஒரு பையும் கெடவில்லை. அப்படி மிஞ்சுகிற பதிமூன்றாவது, முறை வைத்து எங்களில் ஒருவருக்கு. அந்த வாரம் என் முறை. கொண்டுபோய் வித்யாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் அந்தத் தப்பா அண்ணா?" என்று தோளில் மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ. வகுப்பு நடந்த இடத்தில் மொபைல் கவர் அடுக்கியிருக்கிறார்கள். சாகுல் பாய் இல்லை. பட்டறை கோவண்டிக்கு வந்துவிட்டது. மிஷின் வாங்கியது அவர் மகன் இம்ரான்.

"அங்கிள், கோடிங் படிச்சவர் நீங்கதான். நீங்களே ஓட்டுங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். சக்கரம் வைத்தது. மெத்தென்று இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

எத்தனை வேண்டும் என்று மிஷின் கேட்டது. ஒரு டஜன் ஆர்டர். பதிமூன்று அடித்தேன். இம்ரான் என் தோளுக்கு மேலே கை நீட்டி அழித்தான்.

"பன்னெண்டே போடுங்க அங்கிள். கெட்டா ஒண்ணு மட்டும் திரும்ப வெட்டிக்கலாம்."

பன்னிரண்டு அடித்தேன். பன்னிரண்டு வந்தது. ஒன்றும் கெடவில்லை. யாருக்கும் கொடுக்கவும் ஒன்றில்லை.